எண்களுக்கும் ஆதாரம் வேண்டும்

1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாப்பிரஸ் என்னும் ஸ்தாபனம் உருவாக்கிய ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’ என்ற கணினி விளையாட்டு வெளிவந்தபோது, 1967-ஆம் வருஷத்துப் பந்தயக் களத்தில் மெய்யாகவே ஓடிய லோட்டஸும் ஃபெராரியும் பிராபமும் தத்தம் சொந்தப் பெயரோடு அதில் இடம்பெற, ஹோண்டாவும் கூப்பரும் மட்டும், பெயரைப் பயன்படுத்தும் உரிமை கைகூடாமையால், ‘முராசாமா’ என்றும் ‘கவென்ட்ரி’ என்றும் புனைபெயர் பூண்டு நின்றன. புனைவு பெயரோடு நின்றுவிட்டது. வளைவில் பின்சக்கரம் வழுக்கும் விதத்திலும், ஒல்லியான டயர் பிடி தளரும் கணத்திலும், அந்தக் காலத்துக் காரின் சுபாவத்தைக் கூடியவரை உள்ளபடியே கொண்டுவர வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் பட்ட பிரயாசை அசாதாரணமானது. புதிதாக ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்கள் ஒரு சுற்றை முழுமையாக முடிப்பதற்கே திணறினார்கள் என்று அந்த விளையாட்டைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். ரசிகர்கள் பழைய புகைப்படங்களைத் தேடியெடுத்து அந்தக் கார்களுக்கு உரிய வர்ணங்களைத் தாங்களே தீட்டிக்கொண்டதும், அதனோடு அமையாமல் 1965-ஆம் ஆண்டுக்குரிய கார்களையும் தாங்களே செய்து சேர்த்ததும் பின்னால் நடந்தவை.

இன்றைய நிலைமை இதற்கு நேர் தலைகீழாக இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். ரசிகர்கள் செய்து சமர்ப்பிக்கும் கார்களில், பெயர் அசலாகவும், பெயர்ப்பலகை அசலாகவும், முகப்பு விளக்கின் கண்ணாடிக் கோடுகள்கூட அசலாகவும் இருக்க, அந்தக் காரை ஓடச் செய்யும் எண்கள் மட்டும் எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாத கதியில் எத்தனையோ உலாவுகின்றன.

இவ்வகை விளையாட்டில் பழக்கம் இல்லாத வாசகர்களுக்காக ஓரிரு வார்த்தை. பந்தயக் கார் சிமுலேட்டர் என்பது, எஞ்சினின் விசை, டயரின் பிடி, சஸ்பென்ஷனின் அசைவு, காற்றின் அழுத்தம் ஆகியவற்றை ஒரு நொடிக்குப் பல நூறு தடவை கணக்கிட்டு, அந்தக் கணக்கின் விளைவைக் கையிலுள்ள ஸ்டீயரிங்கில் உணர்த்தும் சாதனம். கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் சில பத்துக் கார்களோடு திருப்தியடையாத ரசிகர்கள், தங்களுக்குப் பிரியமான காரைத் தாங்களே வடித்து அதில் ஏற்றுகிறார்கள். அவ்வாறு ஏற்றப்படுவதைத்தான் மோட் என்கிறார்கள். இதைப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுவதற்கில்லை. வேறொரு கம்பெனியின் ஃபார்முலா ஒன் விளையாட்டுக்கு மோட் செய்துகொண்டிருந்த ஸ்வீடன் தேசத்து ரசிகர் குழு ஒன்று, ‘சிம்பின்’ என்ற பெயரில் தானே ஸ்தாபனமாகி, ‘ஜிடிஆர்’ என்ற விளையாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ் பெற்றது. 2005-இல் வெளிவந்த ‘ஆர்ஃபாக்டர்’ ரசிகர்களின் கைவேலைக்கு இடம் வைத்தே கட்டப்பட்டது. ரோம் நகருக்கு அருகில் வல்லேலுங்கா பந்தயத் தடத்தை ஒட்டி அலுவலகம் வைத்திருந்த குனோஸ் என்ற சிறு நிறுவனம் 2014-இல் முழுமையாக வெளியிட்ட ‘அசெட்டோ கோர்ஸா’, பத்தாண்டு கழிந்த பின்னும் ஆடப்பட்டுக்கொண்டிருப்பதற்கு ரசிகர்களின் உழைப்பே பிரதான காரணம் என்று நான் சொன்னால், அந்த நிறுவனத்தாரே மறுக்கமாட்டார்கள்.

இவ்வாறு செய்த காரைச் சமர்ப்பிப்பதற்கும், அது பரிசீலிக்கப்படுவதற்கும் சில இடங்களில் ஒழுங்கான ஏற்பாடு உண்டு. மூன்று பேர் மட்டுமே சேர்ந்து உருவாக்கிய ‘லைவ் ஃபார் ஸ்பீட்’ 2002-இல் பொதுமக்களின் கைக்கு வந்து, ஏறக்குறைய 20 ஆண்டுகள் தன் சொந்தக் கார்களோடு மட்டுமே காலம் தள்ளி, 2021 டிசம்பரில்தான் வெளியார் செய்த வாகனங்களுக்குக் கதவைத் திறந்தது. அதில் ஒருவர் ஒரு சர்வருக்குள் நுழைந்த மாத்திரத்தில், அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வாகனம் தானாகவே அவருடைய கணினிக்கு வந்து இறங்கிவிடுவதால், எது வரலாம், எது வரக்கூடாது என்ற நிர்ணயம் அவசியமாகிறது. ஜெர்மனியின் பிரேமன் நகரத்துப் பீம்என்ஜி நிறுவனமும் ரசிகர்களின் வாகனங்களைப் பரிசீலித்தே தன் அதிகாரபூர்வமான களஞ்சியத்தில் சேர்க்கிறது. இரண்டு இடத்திலும் முதன்மையான நிபந்தனை ஒன்றே: வேறொரு விளையாட்டிலிருந்து பெயர்த்தெடுத்த உருவத்தைக் கொண்டுவரக் கூடாது.

இந்தக் கண்டிப்பை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஒரு காரின் உருவத்தைக் கணினியில் வடிப்பது சாமானியமான வேலையல்ல. நான்கு புறத்து வரைபடங்களையும் பின்னணியில் வைத்துக்கொண்டு, பிளெண்டர் போன்ற மென்பொருளில், பானெட்டின் வளைவையும் கதவின் இடுக்கையும் முக்கோணம் முக்கோணமாகக் கோத்துக்கொண்டு போகிறவருக்கு மாதங்கள் பிடிக்கும். பெரிய கம்பெனி ஒன்று சம்பளம் கொடுத்துச் செய்வித்த உருவத்தை ஒரு மாலைப்பொழுதில் உருவியெடுத்துத் தன் பெயரை ஒட்டிக்கொள்கிறவரையும், மாதக்கணக்கில் கண்விழித்தவரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தால், இரண்டாமவர் அடுத்த காரைச் செய்யமாட்டார். ஆகவே, வேலை பாதியில் இருந்தபோது எடுத்த படங்களைக் காட்டு, உருவம் பிறருடையதானால் அவருடைய சம்மதத்தைக் காட்டு என்று பரிசீலகர் கேட்பது நியாயமே.

என் குறை வேறு. உருவத்துக்கு இத்தனை சாட்சி கேட்கும் நாம், எண்ணுக்கு ஒரு சாட்சியும் கேட்பதில்லை.

அசெட்டோ கோர்ஸாவின் கார் ஒன்றைத் திறந்து பார்த்தால் இதன் தன்மை விளங்கும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் தாம் செய்துகொண்டிருந்த காரின் கோப்புகளை எனக்குக் காட்டினார். உருவம் ஒரு கோப்பு. அது கண்ணுக்கு விருந்து. அதன் அருகில், வெறும் எழுத்தும் எண்ணுமாக, கணக்குப்பிள்ளையின் பேரேடு போன்ற சில கோப்புகள்: டயருக்கு ஒன்று, சஸ்பென்ஷனுக்கு ஒன்று, காற்றியக்கத்துக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று. எஞ்சினின் விசையைச் சொல்லும் கோப்பில் வரிக்கு இரண்டு எண்கள். இடப்புறத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்பதும், ஒரு செங்குத்துக் கோட்டுக்கு வலப்புறத்தில் அந்த வேகத்தில் கிடைக்கும் டார்க்கும். இப்படிப் பதினைந்து இருபது வரிகள். காரின் பலம் இவ்வளவுதான். கம்பெனியின் விளம்பரப் புத்தகமோ, உச்சநிலை டார்க் இன்னது, உச்சநிலைக் குதிரைத்திறன் இன்னது என்று இரண்டே புள்ளிகளைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. மற்ற வரிகளை யார் கொடுப்பது? செய்கிறவரின் கை கொடுக்கிறது. அதுவும் போக, புத்தகம் சொல்வது எஞ்சினின் தண்டில் கிடைக்கும் விசை; கோப்பு எதிர்பார்ப்பதோ கியர் பெட்டியிலும் அச்சிலும் நஷ்டமானது போகச் சக்கரத்துக்கு வந்துசேரும் விசை. அந்த நஷ்டம் எவ்வளவு என்று கேட்டேன். “பொதுவாக எல்லாரும் 15 சதவிகிதம் கழிப்பார்கள், சார்” என்றார். எல்லாரும் கழிப்பதே பிரமாணம்!

விளம்பரப் புத்தகத்தின் எண்ணையே முழுவதும் நம்பலாமா என்றால், அதற்கும் இடமில்லை. அமெரிக்கக் கம்பெனிகள் ஒரு காலத்தில், காற்று வடிகட்டியும் புகைக்குழாயும் பிற உபகரணங்களும் இல்லாமல் எஞ்சினை மட்டும் மேடையில் ஓட்டிப் பார்த்து வந்த திறனையே பெருமையாக அச்சிட்டு வந்தன. 1972-ஆம் வருஷத்து மாடல்களிலிருந்து, எஞ்சின் காரில் இருக்கும் நிலையில் என்ன தருமோ அதைச் சொல்லும் வழக்கம் வந்தது. அதனால், 1971-இல் 365 குதிரைத்திறன் என்று விற்ற காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் எஞ்சின், மறு வருஷம் 235 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது. எஞ்சின் அதுவேதான், எண் மட்டும் 130 குறைந்தது. பழைய அமெரிக்கக் கார் ஒன்றைச் செய்கிறவர் எந்த எண்ணை எடுத்தார் என்று சொல்லாதவரையில், அவருடைய கார் வேகமாக ஓடுவதற்குக் காரணம் எஞ்சினா, அந்தக் காலத்து விளம்பரக்காரரின் கற்பனையா என்று யாரால் சொல்ல முடியும்?

எடையின் கதை இன்னும் வேடிக்கையானது. ஓட்டுநரையும் சேர்த்து, பெட்ரோலை நீக்கி, மொத்த எடையை எழுது என்கிறது அசெட்டோ கோர்ஸாவின் கோப்பு. ஐரோப்பிய யூனியனின் விதிப்படி சொல்லப்படும் எடையிலோ 75 கிலோ எடையுள்ள ஓட்டுநரும் உண்டு, 90 சதவிகிதம் நிரம்பிய பெட்ரோல் டாங்கும் உண்டு. பழைய ஜெர்மானிய வழக்கில் பெட்ரோல் உண்டு, ஓட்டுநர் இல்லை. பந்தயக்காரர்கள் சொல்லும் எடையில் பல சமயம் இரண்டுமே இல்லை. டாங்கில் 50 லிட்டர் இருந்தால் அதுவே ஏறக்குறைய 37 கிலோ. ஆக, எந்த எடை என்று விசாரிக்காமல் கண்ணில் பட்டதை எடுத்து எழுதிவிட்டால், 75 கிலோ வரையில் பிசகு நேர இடமிருக்கிறது. 800 கிலோப் பந்தயக் காரில் 75 கிலோ என்பது, வளைவுக்கு முன் எங்கே பிரேக்கை மிதிப்பது என்ற தீர்மானத்தையே மாற்றிவிடக்கூடிய பாரம்.

டயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹான்ஸ் பசேக்கா, வோல்வோ கம்பெனிப் பொறியாளர்களோடு கூடி 1980-களில் வகுத்த சமன்பாட்டை உலகமே ‘மேஜிக் ஃபார்முலா’ என்று கொண்டாடுகிறது. ஆனால் அந்தச் சமன்பாடு ஒரு காலிப் பாத்திரமே. அதில் இட வேண்டிய எண்கள், குறிப்பிட்ட டயரைச் சோதனை இயந்திரத்தில் ஏற்றி, அழுத்தி, திருப்பி, இழுத்துப் பார்த்தால் மட்டுமே கிடைப்பவை. டயர் கம்பெனிகளோ அவற்றைத் தொழில் ரகசியமாக வைத்துப் பூட்டிவிடுகின்றன. இந்நிலையில் வீட்டில் உட்கார்ந்து மோட் செய்கிறவர் என்ன செய்வார்? விளையாட்டிலேயே உள்ள வேறொரு காரின் டயரைப் பிரதி செய்து, அகலத்தையும் விட்டத்தையும் மாற்றிக்கொண்டு, ஓட்டிப் பார்த்து, மனத்துக்குச் சரியாகத் தோன்றும் வரையில் பிடியைக் கூட்டிக் குறைப்பார். இதில் அவரைக் குற்றம் சொல்ல நான் துணியமாட்டேன், வேறு வழியில்லை. ஆனால் பதிவிறக்கி ஓட்டுகிறவர், தாம் ஓட்டுவது அசலா, அசலைப் பார்த்து எழுதிய கற்பனையா என்று அறிந்துகொள்ள ஒரு குறிப்பும் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

பீம்என்ஜியில் இந்தச் சங்கடம் ஓரளவு குறைவு. காரணம் அந்தக் கணக்கின் அமைப்பு. அங்கே கார் என்பது, எடையுள்ள சில நூறு கணுக்களை ஆயிரக்கணக்கான தண்டுகளால் பிணைத்த ஒரு கூடு. ஒவ்வொரு தண்டுக்கும், அது எவ்வளவு விறைப்பு, எவ்வளவு அழுத்தத்தில் வளையும், எவ்வளவில் முறியும் என்று எண்கள் உண்டு. அந்தக் கூட்டின் கதியை நொடிக்கு 2000 தடவை கணக்கிடுகிறார்கள். கணுவை மிக லேசாகவும் தண்டை மிக விறைப்பாகவும் வைத்துவிட்டால், கார் களத்தில் வந்து நின்ற மாத்திரத்திலேயே ஜன்னி கண்டதுபோல் நடுங்கி, சில சமயம் நாலாபுறமும் சிதறியும் போகும். அங்கே பிசகு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. அசெட்டோ கோர்ஸா போன்றவற்றில் தவறான கார் நடுங்குவதில்லை. மிக அழகாக, மிக ஒய்யாரமாக, தவறாகவே ஓடுகிறது. ஓட்டுகிறவரும், அந்தக் காரை வாழ்க்கையில் தொட்டறியாதவராதலால், “ஆஹா, அசல் மாதிரியே இருக்கிறது!” என்று எழுதிவிட்டுப் போகிறார்.

நம்முடைய இலக்கிய உலகத்தில் இதற்கொரு முன்மாதிரி இருக்கிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது, இன்ன ஊரில் இன்னாரிடமிருந்து வந்த ஏடு என்று முகவுரையிலே எழுதினார். பிரதிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இடங்களில் பாடபேதத்தை அடிக்குறிப்பிலே காட்டினார். ஏடு சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்றே விட்டார். நயமாக ஒரு சொல்லை இட்டு நிரப்பிவிடும் புலமை அவருக்கு இல்லையா? இருந்தும் செய்யவில்லை. காரைச் சமர்ப்பிக்கிறவரிடம் நான் கேட்பது இதில் நூற்றில் ஒரு பங்குதான்: ஒரு பக்கம் வராத குறிப்பு. எடை இன்ன ஆவணத்திலிருந்து எடுத்தது. கியர் விகிதம் கம்பெனியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ளது. டார்க் வளைவு இன்ன பத்திரிகையின் சோதனையிலிருந்து வரைந்தது. சஸ்பென்ஷனின் அளவுகளைப் படத்திலிருந்து உத்தேசமாக எடுத்தேன். டயர் இன்ன காரினுடையதைப் பிரதி செய்தேன். ‘உத்தேசம்’ என்று எழுதுவதில் ஒரு வெட்கமும் இல்லை. உத்தேசத்தை உண்மைபோல் நிறுத்துவதில்தான் இருக்கிறது.

இதை நான் எடுத்துச் சொல்லும்போதெல்லாம் ஒரே மறுமொழி வருகிறது: காசு வாங்காமல், இரவில் தூக்கம் கெட்டு, ஒருவர் செய்து கொடுப்பதை வாங்கிக்கொண்டு, குறிப்பும் எழுது என்பதா? இந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. பரிசீலகர்களின் சிரமமும் எனக்குத் தெரியாமலில்லை. வரிசையில் காத்திருக்கும் வாகனங்கள் பல, பார்க்கும் கண்கள் சில. எந்த வளைவு எந்தக் காருக்கு உரியது என்று அவர்களால் சோதித்துச் சொல்லவும் இயலாது. ஆனால் சோதிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுகிறேன். குறிப்பு இருந்தால், பொய்யாயிருந்தாலும், மெய்யறிந்தவர் என்றைக்காவது ஒருவர் வந்து, இந்த எடை பிசகு, என்னிடம் அசல் ஆவணம் இருக்கிறது என்று திருத்துவதற்கு வழி பிறக்கும். குறிப்பில்லாத எண்ணை யாரும் திருத்துவதில்லை. அடுத்தவர் அதைப் பிரதி செய்கிறார், அவரிடமிருந்து மற்றொருவர், கடைசியில் எல்லாரும் வைத்திருக்கும் காரணத்தாலேயே அது உண்மையாகிவிடுகிறது. அந்த 15 சதவிகிதத்தின் பூர்வோத்தரமும் இதுவாகவே இருக்கலாம்.

விலைக்கு விற்கிறவர்கள் விஷயத்தில் நான் இத்தனை தாராளமாக இருக்க விரும்பவில்லை. அசெட்டோ கோர்ஸாவுக்குக் கார் செய்து விற்கும் குழுக்கள் சில, பிறர் களவாடாதபடி தங்கள் கோப்புகளைப் பூட்டியே கொடுக்கின்றன. களவுக்கு அஞ்சுவது நியாயம். அசல் கம்பெனியின் பெயருக்கு உரிமை வாங்க வகையில்லாமல் புனைபெயர் சூட்டி விற்கிறார்கள். அதுவும் போகட்டும், முராசாமாவுக்கு நேர்ந்ததுதான் இவற்றுக்கும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு, எண்ணையும் மறைத்து, எண்ணுக்கு ஆதாரத்தையும் மறைத்து, ‘யதார்த்தமான கார்’ என்று விளம்பரம் செய்வதற்கு மட்டும் என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. பூட்டு இருக்கட்டும், குறிப்பைப் பூட்டுக்கு வெளியே வைக்கட்டும்.

தேடுகிறவருக்கு ஆதாரம் கிடைக்காமலும் இல்லை. சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்ஐஏ, ஒரு கார் பந்தயத்தில் ஓடத் தகுதியுள்ளது என்று ஒப்புக்கொள்ளும்போது பதிவு செய்த ஹோமோலோகேஷன் பத்திரங்களில், பழைய ராலி கார்களின் சக்கர இடைத்தூரம், கியர் விகிதம், எஞ்சினின் உள்ளளவுகள் எல்லாம் புகைப்படத்தோடு இருக்கின்றன. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், அந்நாட்டுச் சாலைகளில் ஓடிய பல வாகனங்களின் புவியீர்ப்பு மையம் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று அளந்தே வெளியிட்டிருக்கிறது. தேட மனமில்லாதவருக்குத்தான் எல்லாம் உத்தேசம்.

இவ்விதப் பத்திரம் எதுவும் எளிதில் அகப்படாத கார்களும் உண்டு. அவற்றில் ஒன்று நம் ஊரில் பிறந்தது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் 1980-களின் பிற்பகுதியில், மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்ற அந்தக் கார், வெளிநாட்டிலிருந்து பந்தயக் காரை வரவழைக்கும் வசதியில்லாத இளைஞர்களுக்கு முதல் ஏணியாயிற்று. பிற்பாடு 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தம் ஆரம்ப காலத்தில் அதை ஓட்டியவரே. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கார்களை வெல்டிங் செய்தவர்களும், சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அவற்றின் ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிப் பூட்டிய மெக்கானிக்குகளும் முதியவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள்.

கோவைப் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் அந்தக் காரை ஏதேனும் ஒரு சிமுலேட்டருக்காகச் செய்ய முற்படுவாரானால், பிளெண்டரைத் திறப்பதற்கு முன் அவர் எடுத்துக்கொண்டு போக வேண்டியவை ஓர் அளவு நாடா, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியே எடை பார்க்கும் தராசு, ஒரு நோட்டுப் புத்தகம். மிஞ்சியிருக்கும் கார் எந்தக் கொட்டகையில் நின்றாலும், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர், ஓட்டுநர் அமர்ந்த நிலையில் எந்தச் சக்கரத்தில் எத்தனை கிலோ, முன் ஸ்பிரிங்கின் விறைப்பு என்ன, அந்த ஸ்பிரிங்கை எந்தத் தடத்தில் யார் மாற்றினார் என்று எழுதிக்கொண்டு, சொன்ன மெக்கானிக்கின் சம்மதத்தோடு அவர் பெயரையும் எண்ணுக்கு எதிரே குறித்துக்கொள்ளட்டும். சமர்ப்பிக்கும் நாளில் அந்த நோட்டின் பக்கங்களையும் காரோடு சேர்த்தே அனுப்பட்டும். பரிசீலகரும், உருவத்துக்கு வைத்திருக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கிவைக்கட்டும்.